ஆட்டுத்தோல் இறக்கை

எங்கள் கல்யாணத்தில் சீர் வைத்த மேசைமேல் பித்தளைக் குடம், சுவர்க்கடிகாரம், கம்பளி எல்லாம் இருந்தன. என் மனைவியின் அண்ணன் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அவர் விமானப்படையில் மெக்கானிக். டின்னுக்குள், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, எலுமிச்சம்பழம் அளவில், பொம்மை விமானத்துக்குப் பூட்டுகிற ஒரு எஞ்சின் இருந்தது.

"இது நெஜமாவே ஓடுமா மச்சான்?" என்று கேட்டேன்.

"ஓடும் மாப்ள. விசிறி சுத்தறப்ப வெரல் மட்டும் கிட்ட போவக்கூடாது. போனா திரும்பி வராது."

கல்யாணப் போட்டோவில் நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு மிடுக்கு என்பார்கள். விரலைப் பற்றிய யோசனை அது.

நான் அப்படிப்பட்டவன். எட்டாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாலேயே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்பதும் உண்மை. படிப்பை நிறுத்தியதில் எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் ஜாஸ்தி. சர்ட்டிபிகேட் இல்லாதவனை வேலைக்கு எடுத்துக்கொண்டவர் ஆம்பூரில் எங்கள் முதலாளி ஒருவர்தான். தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். அவருடைய ஷாப்பில் கூலியாகச் சேர்ந்து, பிறகு மைதானத்து மேஸ்திரி ஆனேன். நனைந்த தோலை வெயில் பார்த்துக் காயப்போடுவது, மேகம் பார்த்து எடுப்பது, கறை படாமல் காப்பது, இவ்வளவுதான் வேலை. ஷாப்புக்குப் பின்னாலேயே ஓடு போட்ட ஒரு வீடும் கொடுத்திருந்தார். கவலைப்படுகிறவனுக்கு ஏற்ற வேலை. வானத்தைப் பார்த்துப் பயப்படுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

என் மனைவி ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் கவலை என்றால் என்னவென்று தெரியாது. அண்ணன் வேலை செய்த ஊருக்கு லீவில் போனபோதெல்லாம் அவர் கட்டிய விமானங்களைக் கம்பி பிடித்து ஓட்டிப் பழகியவள். பிஸ்கட் டின்னைப் பரண்மேல் ஏற்றலாம் என்று நான் சொன்னதும், "சீர் குடுத்தத பரண்ல போட்டா அண்ணன் மனசு இன்னா ஆவும்?" என்றாள். அத்தோடு முடிந்தது. கட்டுவது நான், ஓட்டுவது அவள் என்று ஆயிற்று. எனக்கு ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். கம்பி விமானம் ஓட்டுகிறவர் நடுவில் நின்று அதோடு கூடவே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த விமானம் தன் இஷ்டத்துக்கு எங்கும் போகாது. அதன் ஒரு பக்கத்து இறக்கை வழியாக இரண்டு சன்னக் கம்பிகள் வந்து, நடுவில் நிற்கிறவர் கையில் உள்ள கைப்பிடியில் முடியும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் வால் பலகை நிமிர்ந்து விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். கம்பி விறைப்பாக இருக்கும்வரைதான் இதெல்லாம். தளர்ந்துவிட்டால் கையில் இருப்பது வெறும் கட்டை. இன்னொன்று, எஞ்சினை நடுவில் நிறுத்த முடியாது. டாங்கில் எண்ணெய் தீரும்வரை அது ஓடியே தீரும்.

இடம் வேண்டுமே. ஷாப்பு மைதானத்தை விட்டால் அத்தனை பெரிய வெட்டவெளி பக்கத்தில் கிடையாது. முதலாளியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள்தான் கேட்டாள்.

"வெள்ளிக்கெழம ஷாப்பு லீவுதானே நர்சம்மா, ஆடுங்கோ," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா மேஸ்திரி, என் தோல் மேல ஒரு பொட்டு எண்ணெ பட்டுச்சுன்னா வேலையும் இல்ல, வூடும் இல்ல. இன்னா?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், "அவர் தமாஷுக்குச் சொன்னாரா, நெஜமாவா?" என்று கேட்டேன். "தமாஷுக்குத்தான்," என்றாள். சாப்பிடும்போது மறுபடி கேட்டேன். "நெஜமாத்தான். போதுமா?" என்றாள்.

கறை பட்ட தோலை மதராஸில் வாங்குகிறவர்கள் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். முதலாளிக்கு ஒரு கட்டுக்குள் ஒரு தோல் கெட்டாலும் கட்டு முழுவதற்கும் பேர் கெட்டுவிடும். அவர் தமாஷ் செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மச்சான் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்திருந்தார். அதில் சொல்லியிருந்த மரம் கப்பலில் வரவேண்டியது. நான் வேலிக் கல்யாண முருங்கையை வெட்டி நிழலில் உலர்த்தினேன். காய்ந்தால் கையில் வைத்திருப்பதே தெரியாது, அவ்வளவு லேசு. எஞ்சின் உட்காரும் இடத்துக்கு மட்டும் தேக்குத் துண்டு. இறக்கைக்கு மூங்கில் பிளாச்சு. வால் பலகையை அசைக்க உள்ளே போகும் தள்ளுகம்பிக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ். ஆஸ்பத்திரியில் தூக்கிப்போடும் மருந்து பாட்டில் ரப்பர் மூடிகள் சக்கரம் ஆயின. ஒட்டுவதற்கு வச்சிரம். அது எங்கள் ஷாப்பில் சீவிப்போட்ட கொழுப்புச் சவ்விலிருந்து காய்ச்சுவதுதானே.

இறக்கைக்கு மேலே போர்த்துவதில்தான் சிக்கல். மச்சான் சன்னக் காகிதம் என்று எழுதியிருந்தார். பட்டம் ஒட்டும் காகிதத்தை ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய அன்றே அதன்மேல் என் முழங்கை பட்டுக் கிழிந்தது. இரண்டாவது தடவை பல்லி. காகிதத்தை நம்பி இவளைக் கம்பி பிடிக்க விடுவதா என்று தோன்றிவிட்டது. வச்சிரக்காரனுக்குப் போகிற கழிசலில் இளம் ஆட்டுக்குட்டித் தோல் துண்டுகள் கிடக்கும். பதனிடாத பச்சைத் தோல். முதலாளியிடம் சொல்லிவிட்டு நாலைந்து எடுத்துவந்து, உள்பக்கத்தைச் சவ்வு மாதிரி ஆகும்வரை சீவினேன். ஈரமாக இழுத்து ஒட்டிக் காயவிட்டேன். மறுநாள் பார்த்தால் மேளத்துக்குக் கட்டின மாதிரி விண்ணென்று நின்றது. அவள் விரலால் தட்டிப் பார்த்தாள். 'டொம்' என்றது.

"ஊர்வலத்துக்கு எடுத்துட்டுப் போலாம் போல கீதே," என்றாள்.

"கிழியாது பாரு."

"கிழியாது. தூக்கறதுக்குத்தான் ரெண்டு ஆள் வேணும்."

அப்படி ஒன்றும் கனம் இல்லை. ஆனால் கனம் என்ற சொல் என் மண்டையில் ஏறிவிட்டது. ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மி ஆகிவிடக் கூடாதென்று, போர்த்திய துண்டுகளையெல்லாம் பிரித்து, பொற்கொல்லர் ஒருவரிடம் கெஞ்சி அவர் தராசில் நிறுத்து, எடை ஒத்த துண்டுகளாகத் தேர்ந்து மறுபடி ஒட்டினேன். இரண்டு இறக்கையும் குந்துமணிக்குக்கூட வித்தியாசம் இல்லாமல் நின்றன. எனக்கு ஒரே பெருமை.

எஞ்சினுக்குப் போடுவது ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்தது. ஈதர் வேலூரில்தான் கிடைக்கும். மருந்துக் கடையில் கேட்டேன்.

"ஈதரா? ஆருக்கு ஆபரேஷன்?"

"ஆபரேஷன் இல்லீங்க. ஏரோப்ளேனுக்கு."

கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட ஆராவது வந்திருக்காங்களா?" என்றார்.

கொடுத்துவிட்டார். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து ஆள் பீடி பற்றவைத்தார். இது நெருப்புப் பட்டால் குப்பென்று பிடிக்கும் என்று மச்சான் சொல்லியிருந்தார். அணைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார், சொன்னால் பஸ்ஸே இறங்கும். பள்ளிகொண்டாவில் நானே இறங்கிக்கொண்டேன். அடுத்த பஸ்ஸில் முன்னால் ஒருவர் சுருட்டோடு இருந்தார். கடைசியில் ஒரு கட்டை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். வீடு சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

"இதுக்கா இந்த மூஞ்சி?" என்றாள் அவள். "நான் தெனம் ஆபரேஷன் தியேட்டர்ல இதோடதானே கெடக்கறேன்."

ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதல் தடவை விமானம் ஏறவில்லை, மூக்கால் மண்ணை உழுதது. மூக்குப் பக்கம் கனம் அதிகம். அடுத்த வாரம் வாலில் கொஞ்சம் ஈயம் வைத்தேன். ஏறியது, ஆனால் குதிரை மாதிரி துள்ளியது. வால் கனம் ஜாஸ்தி. பாதி ஈயத்தை எடுத்தேன். பிறகு கம்பி தளராமல் இருக்க, வெளிப்பக்கத்து இறக்கையின் நுனியில் மீன்வலைக் குண்டு ஒன்றைப் பதித்தேன். பின்னால் நிற்கும் செங்குத்துப் பலகையை ஒரு இழை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். இரண்டும் விமானத்தை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு அது பறந்தது பாருங்கள், கயிறு கட்டிச் சுற்றின சொம்பு மாதிரி, ஒரே சீராக. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் சுற்றுவாள். நான் தூர நின்று கர்த்தரை வேண்டிக்கொண்டிருப்பேன். எண்ணெய் தீர்ந்து எஞ்சின் அடங்கி, சக்கரம் மண்ணைத் தொடும்போது எனக்கு வருகிற மூச்சு இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை விடலாம் என்று தோன்றும்.

எல்லாம் விடியற்காலையில். அவளுக்கு வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்துதான் ட்யூட்டி. மைதானமும் காலியாக இருக்கும்.

பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. தோல் காயவில்லை. ஷெட்டில் குவிந்தது. வானம் விட்டது ஒரு வெள்ளிக்கிழமை. லீவு நாளானாலும் பரவாயில்லை, ஆள் வைத்துக் காயப்போடு என்று முதலாளி சொல்லியனுப்பினார். காலையில் இரண்டு பேரை வைத்து மைதானத்தின் கிழக்குப் பாதியில் வரிசை வரிசையாக விரித்துவிட்டு அவர்களை அனுப்பினேன். அந்த வாரம் அவளுக்கு ராத்திரி ட்யூட்டி, அது முடிந்தும் ஆஸ்பத்திரியில் நிறுத்திக்கொண்டதில் வீட்டுக்கு வரவே வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வந்தவள் மேற்குப் பாதியைப் பார்த்தாள்.

"எடம் கீதே," என்றாள்.

"தோல் கெடக்குது, கண்ணு தெரியலையா?"

"கம்பி எவ்ளோ நீளமோ அதுக்கு அப்பால போவாது. அதுக்கும் அப்பாலதான் தோல் கெடக்குது. கணக்கு வரலன்னா எட்டாவதாவது முடிச்சிருக்கணும்."

"கம்பி அறுந்தா?"

"அறுந்தா நான் போய் மொதலாளி கால்ல வுழறேன். எத்தன வாரம் ஆச்சு. கொண்டாங்க."

கொண்டுபோனேன். நடுவில் எண்ணெய் தீர்ந்து தோல் பக்கமாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, டாங்கை விளிம்புவரை நிரப்பினேன். என் கவலை எனக்குச் செய்த உபகாரம் அது.

விமானம் ஏறியது. முதல் சில சுற்று நன்றாகத்தான் இருந்தது. பிறகு எஞ்சின் சத்தத்துக்கு மேலே லேசாக ஒரு 'டிக்' சத்தம் கேட்டது. தோல் வெயிலில் இறுகும்போது வருகிற சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது. வெளி இறக்கையின் பின் ஓரம் முறுக்கிக்கொண்டு கீழே வளைந்திருந்தது. அந்த இறக்கை தூக்கிக்கொள்ள, விமானம் நடுவில் நிற்கிறவளை நோக்கிச் சாய்ந்தது.

விடியற்காலைப் பனியில் எல்லாத் தோலும் ஒரே மாதிரிதான் தொய்வாக இருக்கும். உச்சி வெயிலில்தான் முதுகுத் தோல் முதுகுத் தோலாகவும், வயிற்றுத் தோல் வயிற்றுத் தோலாகவும் நடந்துகொள்ளும். முதுகு இறுகி இழுக்கும், வயிறு இளகிக் கொடுக்கும். தினம் அதைக் கையால் தடவிப் பிரிக்கிறவன் நான். எடையை ஒத்துப் பார்த்த அவசரத்தில் ஒரு இறக்கைக்கு முதுகும் இன்னொன்றுக்கு வயிறுமாக ஒட்டித் தொலைத்திருந்தேன்.

மேற்கிலிருந்து காற்று அடித்தது. விமானம் மேற்குப் பக்கம் போகும் ஒவ்வொரு தடவையும் காற்று அதை அவள்மேல் தள்ள, கம்பி தொங்கியது. தொங்கினால் செய்ய வேண்டியது ஒன்றுதான், பின்னால் ஓடி இழுத்துப் பிடிப்பது. அவள் நாலு எட்டு பின்னால் போவாள். கம்பி விறைக்கும். கிழக்கே வரும்போது நன்றாக இருக்கும், ஆனால் முன்னால் வந்து பழைய இடத்தில் நிற்க நேரம் இருக்காது, அதற்குள் மறுபடி மேற்கு. இப்படியே அவள் கிழக்காக நகர, அவளோடு அந்த வட்டம் மொத்தமும் நகர்ந்தது. தோல் வரிசை வட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்ற கணக்கு என் கண் முன்னாலேயே தப்பிக்கொண்டிருந்தது. எஞ்சின் தன் வாயால் விளக்கெண்ணெயைப் புகையாகத் துப்பிக்கொண்டே போகும்.

"நிறுத்து," என்று கத்தினேன். நிறுத்த முடியாது என்று எனக்கே தெரியும்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு முதலாளி வந்தார். ஜும்மா தொழுகைக்குப் போகிற வழி. வெள்ளை ஜிப்பா, வெள்ளை லுங்கி, தொப்பி. தோல் காய்கிறதா என்று பார்க்க வந்தவர் முதல் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் கையை ஆட்டினேன். அவரும் கையை ஆட்டினார்.

அவள் அவரைப் பார்த்துவிட்டாள். சுற்றிக்கொண்டே, "எங்க எறக்கறது?" என்று கேட்டாள். கத்தவில்லை. ஆபரேஷன் மேசைப் பக்கத்தில் கேட்கிற குரல்.

என் கை தானாக நீண்டது. தோல் வரிசைக்கு இந்தப் பக்கம், தோல் பதனிடச் சாறு எடுத்துத் தள்ளின ஆவாரம்பட்டைச் சக்கை குவிந்து கிடந்தது. அடைமழையில் ஊறி, ஆள் உயரத்துக்குக் கொழகொழவென்று. ஆரம்பத்தில் வட்டத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்த குவியல். நகர்ந்து நகர்ந்து இப்போது வட்டத்தின் விளிம்பு அதன்மேல் வந்திருந்தது.

அவள் இன்னும் ஒரு சுற்று விட்டாள். மேற்கே கம்பி தொங்கியது, பின்னால் ஓடினாள், விறைத்தது, கிழக்கே வந்ததும் மணிக்கட்டைக் கீழே சாய்த்தாள். பெரிய சத்தம்கூட வரவில்லை. 'பொதக்' என்றது. எஞ்சின் நின்றுவிட்டது. வால் மட்டும் சக்கைக்கு வெளியே தெரிந்தது.

நான் விமானத்திடம் போகவில்லை. அவளிடமும் போகவில்லை. தோலிடம் ஓடினேன். முதல் வரிசையில் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். சேற்றில் நின்றுகொண்டு கம்பியைச் சுருட்டுகிற அவளைப் பார்த்தார்.

"நர்சம்மா, அடி கிடி பட்டுதா?"

"இல்லீங்க மொதலாளி."

"பட்டிருந்தாலும் உம் புருசன் தோலத்தான் பாப்பான்."

"அது கல்யாணத்தன்னிக்கே தெரியும்ங்க," என்றாள்.

அவர் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கைக் குவியலிடம் போய், வாலைப் பிடித்து இழுத்தார். இறக்கை ஒன்று ஒடிந்திருந்தது. ஒடிந்ததைத் திருப்பிப் பார்த்தார், விரலால் சுண்டினார், தடவினார். பிறகு மற்ற இறக்கையையும் தடவினார்.

"மேஸ்திரி, இங்க வா. இது இன்னா?"

"முதுகுங்க."

"இது?"

"வயிறுங்க."

"பேஜார் புடிச்சவனே," என்றார். மசூதியிலிருந்து பாங்கு கேட்டது. விமானத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அது போதாதா என்னைக் கொல்ல. திட்டித் தீர்த்திருந்தால் வேலை இருக்கிறதா போயிற்றா என்றாவது தெரிந்திருக்கும். அவளைத் தூங்க அனுப்பிவிட்டு, மைதானத்தில் கிடந்த தோல் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, வெயிலுக்குக் காட்டி, இரண்டு பக்கமும் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்ததால் பார்த்த கையோடு ஷெட்டில் அடுக்கினேன். எண்ணெய்ப் பொட்டு இருந்தால் கருத்துத் தெரியும். முதல் வரிசையில் ஒரு தோலில் ஒன்று தெரிந்து எனக்கு உயிர் போய்விட்டது. உரசிப் பார்த்தேன், உதிர்ந்தது. பட்டைத் தூள்.

கடைசித் தோலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதலாளி தொழுகை முடிந்து திரும்பினார். வீட்டுக்குப் போகாமல் நேராக மைதானத்துக்கு வந்திருந்தார்.

"இன்னா, பட்டுதா?"

"ஒண்ணுலயும் படலீங்க."

"படாதுன்னு எனக்குத் தெரியும். காத்து எம் பக்கமா அடிச்சுதில்ல, பட்டிருந்தா எஞ் சட்டையில மொதல்ல தெரிஞ்சிருக்கும்." ஜிப்பாவை இழுத்துக் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது. "இதச் சொல்லிட்டுப் போவலாம்னுதான் நெனச்சேன். பாங்கு சொல்லிட்டாங்க."

"வேலை மொதலாளி..." என்று இழுத்தேன்.

"நாளைக்கு ஷெட்ல மிச்சம் இருக்கற ஈரத் தோலையும் போட்டுடு. வெயில் இருக்கும்." திரும்பி நடந்தவர் நின்றார். "பட்டம் வுடற காகிதத்துல போத்து. தோல் நடக்கற பிராணியோடது. பறக்கறதுக்கு அது லாயக்கில்ல."

வீட்டுக்குப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பானையில் சோறு இருந்தது, போட்டுச் சாப்பிட்டேன். விமானத்தில் ஒட்டியிருந்த சக்கையைக் கழுவி, எஞ்சின் விசிறியை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. பாயை விரித்துப் படுத்தேன். பகலில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. மேகம் வந்துவிடுமோ என்று ஒரு காது வெளியிலேயே இருக்கும். அன்று எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

அவள்தான் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. ஓட்டின்மேல் ஒன்றிரண்டு துளி விழுகிற சத்தம்.

"ஏங்க, மழ வருது. தோல எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.